கெட்டிமேளத்தில் திரும்பிய கேமரா

என் வீட்டுக்காரர் சிவநேசனுக்கு வார நாளில் ஃபேக்டரி வேலை. சனி, ஞாயிறு கல்யாண வீடியோ. ஆள் நல்லவர்தான். சொன்ன பேச்சு மட்டும் கேட்கமாட்டார்.

நடந்துகொண்டே எடுத்தாலும் படம் ஆடாமல் இருக்க கிம்பல் என்று ஒரு கைப்பிடி இருக்கிறது. மேலே கேமராவை மாட்டினால் அதிலுள்ள மோட்டார்கள் நிலையாகப் பிடித்துக்கொள்ளும். வாங்கப் போன கடையில் யூசுப் அண்ணன் தெளிவாகவே சொன்னார்: "உங்க கேமராவுக்கு இது சப்போர்ட் இல்ல தம்பி. வெயிட் தாங்காம மோட்டார் மக்கர் பண்ணும்."

"அதெல்லாம் நான் பேலன்ஸ் பண்ணிக்குவேன்லா," என்றார் இவர். பெரிய இன்ஜினியர்! தூண்டில் ஈயத்தை டேப் போட்டு ஒட்டி, ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃப்ளாட் வராந்தாவில் என்னை மணப்பெண் மாதிரி நடக்கவிட்டு எடுத்துப் பார்த்தார். படம் ஆடவில்லை. அப்புறம் மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பாகான் டாலாமில் ஜெயலெட்சுமி அக்கா மகளுக்குக் கல்யாணம். அக்காவின் புருஷன் போன வருஷம்தான் தவறினார். தாலி கட்டும்போது முன்னால் நிற்க வேண்டாம் என்று யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. யாராவது சொல்வதற்கு முன்பே அவராகச் சமையற்கட்டுக்குப் போய்விட்டார். பெற்ற தாய்க்கே இந்தக் கதி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகும்போது இவரிடம், "தம்பி, தாலி கட்டுறத மட்டும் நல்லா எடுங்க. நான் அதுலதான் பாக்கணும்," என்றார்.

கெட்டிமேளம் முழங்கியது. கெட்ட வார்த்தை எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே அத்தனை சத்தம். சரியாக அந்த நேரம் பார்த்து கிம்பல் நடுங்கி, கேமராவை அப்படியே இவர் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டது. அதைச் சரிசெய்வதற்குள் தாலி ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம். தாலியும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை; இவர் முகம்தான். மண்டபத்தில் யார் காதிலும் விழாமல் இவர் திட்டியது கேமரா மைக்கில் தெளிவாக விழுந்திருந்தது: "நல்ல நேரத்துல கெடுக்குறதுக்குன்னே வந்துச்சு பாரு, சனியன்."

வெட்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் திரும்ப ஒருமுறை பார்க்கவில்லை. அங்கே இங்கே வெட்டி ஒட்டி மறைத்துவிடலாமா என்று கேட்டார். "மூஞ்சிக்கு நேரா போய்ச் சொல்லுங்க," என்று நான்தான் கையோடு அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாக வந்து உட்கார்ந்தார். "தப்பு நடந்துபோச்சுக்கா, நீங்களே பாருங்க," என்று போனை நீட்டினார் இவர்.

அக்கா பார்த்தார். அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். படத்தில் இவருடைய தோளுக்குப் பின்னால், சமையற்கட்டு வாசலில், அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முகத்துக்கு நேராக இவர் குரல்: சனியன்.

"மேளம் கேட்டுச்சு தம்பி. மனசு கேக்கல, வந்துட்டேன்," என்றார் அக்கா மெதுவாக. "நீங்க கேமராவத் திருப்பி என்னையப் பாத்துட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க கோவப்பட்டதும் சரிதான்."

"ஐயோ அக்கா, நான் மிஷினத்தான் திட்டுனேன்." என்று பதறினார் இவர். என்னால் தலை நிமிர முடியவில்லை.

அக்கா தலையாட்டினார். நம்பவில்லை.

"அந்த எடத்த மட்டும் வெட்டிருங்க தம்பி," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "நான் வந்து நின்னது எம்மகளுக்குத் தெரிய வேணாம்."