இன்ஜினுக்குப் பூசிய வெள்ளி

எங்கள் வீட்டு மாருதிக்கு வெளியழகு அண்ணன் பொறுப்பு, உள்ளழகு என் பொறுப்பு. நான் மூன்றாம் வகுப்பு, கை சின்னது, இன்ஜினுக்குள் எந்தச் சந்திலும் நுழையும் என்று அப்பா அப்படிப் பிரித்துக் கொடுத்திருந்தார். அப்பாவின் கம்பெனி முதலாளி வீட்டில் புதுக் கார் வந்தபோது அப்பாவிடம் வந்து சேர்ந்த பழைய வண்டி அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி சூடு ஆறிக் கிடக்கும்போது போனட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்துவார். பேட்டரி ஒயரைக் கழற்றுவார். கரண்ட் போகும் கறுப்பு மூடிக்குப் பாலிதீன் பை கட்டுவார். அதற்குப் பிறகுதான் எனக்கு அனுமதி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் என் ஆயுதங்கள். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொருக்கை வெந்நீர் ஊற்றிக் கரைப்பேன். ரப்பர் குழாய்களுக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவுவேன். முழங்கை வரைக்கும் கறுப்பாகி நிமிரும்போது அப்பா போனட்டைச் சாத்திவிடுவார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் அண்ணன் துடைத்த கதவைப் பார்த்து, "வண்டி கண்ணாடியால்ல இருக்கு" என்பார்கள். அவன் ஈயென்று இளிப்பான். என் வேலையைப் பார்க்க ஒரு நாதியும் கிடையாது. எனக்கு வயிறு எரியும்.

ஆயுத பூசையன்று மட்டும் கணக்கு வேறு. போனட்டைத் திறந்துவைத்து இன்ஜினுக்கும் சூடம் காட்டுவோம். பூசை முடிந்து திருத்தங்கல் கோயிலுக்குப் போகும் முதல் சவாரியில், யார் வேலை நன்றாக இருக்கிறதோ அவருக்குத்தான் முன் சீட்டு. அன்றைக்கு மட்டும் அம்மா விட்டுக்கொடுப்பாள். முந்தின இரண்டு வருடமும் அண்ணன்தான் ஜெயித்திருந்தான். மூன்றாவது வருடமும் அவனுக்கு விடுவதாக இல்லை.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். மருந்து கலக்கும் அறை அவர் பொறுப்பு. வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வண்டியில் ஏறுவார். "கம்பெனித் தூசி ஒரு பொட்டு வீட்டுக்கு வரப்படாது" என்பது அவருடைய சட்டம். அந்த அறைக்குள் போகுமுன் செப்புத் தகட்டைத் தொடுவார்களாம், உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடுமாம். அந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டையும் உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் அதைச் சாமி கும்பிடுவது என்று நினைத்து, நானும் கேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவர்மேல் பாய்வேன். ஒரே தூக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார்.

சட்டம் எல்லாம் சரிதான். ஆனால் வண்டியில் அவர் கால் வைக்கும் மிதியடிக்கு அடியில் வெள்ளி இருந்தது. மாவைவிட மெல்லிய, பளபளக்கும் சாம்பல் தூள். விரலில் பட்டால் தண்ணீருக்குப் போகாது, வெயிலில் மின்னும். பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர் என்று இப்போது தெரியும். அப்போது எனக்கு அது வெள்ளிதான். ஞாயிறுதோறும் மிதியடியைத் தட்டும் சாக்கில், பழைய காலண்டர் அட்டையால் வழித்து முகப்பவுடர் டப்பா ஒன்றில் சேர்த்துவந்தேன். முக்கால் டப்பா சேர்ந்துவிட்டது.

ஆயுத பூசை வந்தது. ஞாயிறும் வேலை ஓடும் தீபாவளி சீசன் உச்சத்தில் அப்பாவுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள். காலையிலேயே இன்ஜினைக் கழுவித் துடைத்தோம். அப்பா குளிக்கப் போனார், அண்ணன் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தான். நான் டப்பாவை எடுத்துவந்து, கொஞ்சம் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, இன்ஜினின் தலைமேல் இருக்கும் பெரிய மூடிக்குப் பூசினேன். அடடா! கோயில் கவசம் தோற்றது.

அப்பா வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அம்மா சூடத்தட்டோடு வந்தாள். நான் மிச்சத் தூள் இருந்த டப்பாவைக் கையில் பிடித்தபடி, மூடிகூடப் போடாமல், இன்ஜின் பக்கத்திலேயே நின்றேன். எப்படிச் செய்தேன் என்று விளக்க வேண்டுமே! அம்மா சூடத்தை ஏற்றித் தட்டை உயர்த்தினாள்.

அப்பா இன்ஜினைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். ஒரே எட்டில் பாய்ந்து, எரிகிற சூடத்தை வெறும் உள்ளங்கையால் அறைந்து அமுக்கினார்.

"ஐயோ, என்ன செய்றீக! கையச் சுட்டுக்கிட்டீகளே!" என்று அம்மா அலறினாள். அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஏலே, தண்ணி வேணாம்லே! இந்தத் தூள்ல தண்ணி பட்டா இன்னும் ஆபத்து! அங்கனயே நில்லு!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் என்னிடம் திரும்பும்போது குரல் இறங்கிவிட்டது.

"டப்பாவ மெல்லக் கீழ வை தாயி. ஆட்டாம வை."

வைத்தேன்.

"இத இம்புட்டு நாளா எங்கன வச்சிருந்த?"

"சாமி அலமாரியில. விளக்குக்குப் பின்னாடி. அங்கன அண்ணன் கை வைக்க மாட்டான்ல."

தினமும் இரண்டு வேளை அந்த விளக்கை ஏற்றுகிறவள் அம்மா. அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு குடுத்தா? கம்பெனி ஆளுக யாராச்சும் குடுத்தாகளா? சொல்லு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யாரிடமும் கை நீட்டி வாங்குகிறவளா நான்?

"நீங்கதாம்ப்பா குடுத்தீக. ஒங்க மிதியடிக்கு அடியில தான இருந்துச்சு. தெனமும் நீங்கதான கொண்டாறீக."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குழாயடிக்குக் கூட்டிப்போய், அந்தச் சுட்ட கையாலேயே என் விரல்களைத் தேய்த்தார். நகக்கண்ணில் ஒரு மினுக்கம் தெரிந்தாலும் மறுபடி சோப்புப் போட்டார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. முன் சீட்டு போய்விட்டதே என்றுதான்.

அன்று யாரும் கோயிலுக்குப் போகவில்லை. மறுநாளிலிருந்து அப்பா பஸ்ஸில் போனார். வண்டி தார்ப்பாய்க்குள் முடங்கியது. நினைத்தபோதெல்லாம் தார்ப்பாயை விலக்கி நான் முன் சீட்டில் உட்காரலாம். என்ன, வண்டிதான் நகராது. இன்ஜினைக் கெடுத்துவிட்டேன், அதனால்தான் எடுக்கவில்லை என்று பயந்து, அடுத்த ஞாயிறு முழுக்க அந்த மூடியைத் தேய்த்துத் தேய்த்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தேன். அப்பவும் எடுக்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சாயங்காலத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கேட் சத்தம் கேட்டு ஓடினால், கட்டுப்போட்ட உள்ளங்கையை நீட்டி, "அங்கனயே நில்லு தாயி, கிட்ட வராத" என்பார். வீட்டைச் சுற்றிக் கொல்லைக்குப் போய், கம்பெனியில் குளித்த உடம்பை மறுபடியும் குளிப்பார். செருப்பைக் கழுவிக் கவிழ்த்துவைப்பார். இவ்வளவும் முடிந்துதான் என் பக்கம் திரும்புவார். அதற்குள் எனக்குத் தோளில் ஏறும் ஆசையே போயிருக்கும்.

தீபாவளி கழிந்து, கைக்கட்டு அவிழ்ந்த பிறகும் இது தொடர்ந்தது. ஒருநாள் தாங்கமாட்டாமல் கொல்லைப்புறக் கதவில் நின்று கேட்டுவிட்டேன்.

"இன்னும் கோவமாப்பா?"

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "கோவந்தான் தாயி. உம்மேல இல்ல."

அப்படியென்றால் அண்ணன்மேல்தான் என்று முடிவுசெய்துகொண்டு, நான் சந்தோஷமாக விளையாடப் போனேன்.