வண்டிக்குப் போட்ட சரிவு

பாலக்கோட்டை விட்டு வெகுதூரம் நடந்த பிறகும் சட்டையில் தக்காளி வாடை போகவில்லை. மண்டியில் பெட்டி ஏற்றும் வேலை. விலை விழுந்து வண்டிகள் வருவது குறைந்ததும் கடைசியாகச் சேர்ந்தவனை முதலில் போகச் சொன்னார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவர்கள் சொல்லாவிட்டாலும் கொஞ்ச நாளில் நானே கிளம்பியிருப்பேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் அப்படித்தான், எந்த ஊரிலும் எனக்கு நெடுநாள் கால் தரிக்காது. பென்னாகரம் பக்கம் கட்டட வேலை நடக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி நடந்தேன். நடுவழியில் ஒரு டிராக்டர்காரர் ஏற்றிக்கொண்டு ஊர் தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டார்.

நல்ல வெயில். தண்ணீர் கேட்கலாம் என்று மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவுக்குள் நுழைந்தேன். எல்லா வீடும் தெருவைவிட உயரம். ரோடு போடப் போட மேடாகும், வீடு பள்ளமாகும், மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்ற பயத்தில் முன்கூட்டியே உயர்த்திக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் படிகளை ஒட்டி ஒரு சிமென்ட் சரிவு. இரவில் பைக்கை ஏற்றிக் கூடத்துக்குள் நிறுத்துவதற்கு.

ஒரு வீட்டில் கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும்.

"குடிக்கத் தண்ணி கிடைக்குமாம்மா?"

"உள்ள வாங்கண்ணா. கொடம் அந்தப் பக்கம் இருக்குது, நீங்களே மோந்துக்கங்க."

குடித்துவிட்டு அவளுக்கும் ஒரு சொம்பு நீட்டினேன். வேண்டாம் என்றாள்.

"தம்பி வர்ற வரைக்கும் நான் குடிக்கறதில்லீங்க. குடிச்சா போவணும்ல? கக்கூஸு கீழ, வெளிப்பக்கம் இருக்குது."

மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போல அதைச் சொன்னாள். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம். அப்பா அம்மா இல்லை; அவளும் தம்பியும்தான். தம்பி மினி லாரியில் தக்காளி ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்பே மண்டிக்குப் போவான். திரும்பி வந்து அவளைத் தூக்கி இறக்கும்போது மதியம் தாண்டிவிடும். அதுவரை அவளுக்கு உலகம் அந்தக் கம்பிக் கதவுதான்.

தெருமுனையில் இருக்கும் ரெடிமேட் கடைக்கு ஆள் வேண்டுமாம். கடைக்காரர் அவள் தையலைப் பார்த்தவர். பேன்ட் உயரம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, இடையில் பில் போடுவது. கடை ரோட்டு மட்டத்திலேயே இருக்கிறது. பின்பக்கம் கக்கூஸுக்கும் படி இல்லை. தம்பியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"நாளைக்குக் காலைல கடை தொறக்கறப்ப வந்துடணும்னாரு பாய். வரலைன்னா வேற ஆளு வெச்சுக்குவாராம். அவரையும் கொறை சொல்ல முடியாதுங்க, யாவாரமே காலைலதான்."

"அதான் சரிவு இருக்குதேம்மா. எறங்கிப் போயிட வேண்டியதுதானே?"

அவள் சிரித்தாள். "நீங்களும் சொல்லிட்டீங்களா? வாங்க, கொஞ்சம் புடிங்க."

நாற்காலியின் பிடியைப் பிடித்து முன்னால் தள்ளினேன்.

"அய்யய்யோ, திருப்புங்கண்ணா! இப்படி எறக்குனா என் மூஞ்சி ரோட்லதான் கெடக்கும்."

நாற்காலியைத் திருப்பி, நான் கீழ்ப்பக்கம் நின்று பின்நடையாக இறங்கினேன். சரிவைக் கண்ணாடி மாதிரி இழைத்துப் பூசியிருந்தார்கள். என் செருப்பே வழுக்கியது. நாற்காலியின் பாரம் நெஞ்சில் வந்து மோதியது. தெருவில் இறங்கியதும் அவள் என் கையைத் தட்டிவிட்டு, தானே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு தெருமுனை வரை போனாள். கொஞ்ச நேரம் மெயின் ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். திரும்பி வந்து, "இப்ப குடுங்க தண்ணிய" என்றாள். சொம்பு முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தாள்.

அப்போது தம்பி வந்துவிட்டான். லாரியை நிறுத்தியவன் இறங்கும்போதே என்னை முறைத்தான்.

"யாருக்கா இவரு?"

"தண்ணி கேட்டு வந்தாரு. எறக்கி வுட்டாரு."

"எந்த ஊருங்க?"

"இப்போதைக்கு எந்த ஊரும் இல்லைங்க."

"அது நல்ல ஊராச்சே" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. ஒரு பெரியவர் தன் வீட்டுச் சரிவில் பக்கவாட்டாக நண்டு போல இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையில் தடி, இன்னொரு கை அங்கே நின்ற பைக்கின் சீட்டில்.

அக்கா கடைப் பேச்சை எடுத்தாள். அது அவர்களுக்குள் பழைய பேச்சு என்பது கேட்டதுமே தெரிந்தது.

"சரிவு போட்டுத்தானேக்கா குடுத்திருக்கேன். என் பைக்கு ஏறலியா?"

"உன் வண்டிக்கு பெட்ரோல் ஊத்தற. எனக்கு என்னாத்த ஊத்துவ?"

"டீ ஊத்தறேன்."

"காலைல நீ இருக்கியா ஊத்தறதுக்கு?"

தம்பியின் முகம் சுருங்கியது. "நான் தூக்கி வுடறதுல உனக்கு என்னா கொறைக்கா? என்னிக்காவது சலிச்சிருக்கனா?"

"நீ சலிக்கலடா. எனக்குத்தான் சலிச்சுப் போச்சு."

பெரியவர் தடியால் நாற்காலியைக் காட்டி, "நீயே உக்காந்து ஏறிப் பாரேன்டா" என்றார். அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைத் தூக்கி லாரியின் முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான்.

அவன் தோற்பான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவனுடையது பெட்டி தூக்கிய கை. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றே வீச்சில் மேலே போய்விட்டான்.

"பாத்தியா! ஏறிட்டனா?"

"ஏறிட்டான்யா!" என்றார் பெரியவர்.

"எறங்குடா" என்றாள் அக்கா.

திருப்பிக்கொண்டு இறங்கினான். பாதி வழியில் சக்கரம் அவன் பிடிக்கு நிற்கவில்லை. உள்ளங்கை தேய்ந்து, நாற்காலி பாய்ந்து, தெருவில் வந்த ஒரு மொபெட்டுக்கு நேராகப் போனது. டக்கென்று இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிறுத்திவிட்டான். மொபெட்காரர் திட்டிக்கொண்டே விலகிப் போனார்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா லாரிக்குள்ளிருந்து அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் குனிந்து பார்த்தான். பிறகு மெதுவாக இரண்டு காலையும் எடுத்து நாற்காலியின் மிதிபலகையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பெரியவர்தான் பேசினார். "நான்கூட இந்த சீட்டப் புடிச்சித்தான்டா எறங்கறேன். பையன் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டா அன்னிக்கு நான் வூட்டுக்குள்ளதான். யார்கிட்ட சொல்றது?"

தம்பி எழுந்து என்னைப் பார்த்தான். "கட்டட வேல தெரியுங்களாண்ணா?"

"சித்தாளா இருந்திருக்கேன். கலவை போடுவேன், பூசுவேன். இந்த மாதிரி சரிவு கட்டினதில்ல."

"அதை நான் சொல்றேன்" என்றாள் அக்கா.

லாரியிலிருந்து ஒரு நீளப் பலகையை இறக்கினோம். அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பலகைக்குக் கீழே செங்கல்லைக் கூட்டவும் குறைக்கவும் சொன்னாள். ஏறினாள், இறங்கினாள். "இன்னும் கொறைங்க" என்றாள். நடுவில் நின்று மூச்சு வாங்க முடிகிற சாய்வு வாட்டம் கிடைத்ததும் போதும் என்றாள். அந்தக் கணக்குக்குச் சரிவை நேராகத் தெருவில் இறக்க முடியாது. சுவரை ஒட்டிக் கடைசி வரை கொண்டுபோக வேண்டும். துவைக்கிற கல்லும் தண்ணீர் டிரம்மும் இடம் மாற வேண்டும்.

"இவ்ளோ நீளமாவாக்கா? இப்படியே போனா ஒகேனக்கல் வந்துடும்."

"வரட்டும். நான் பாத்ததே இல்ல."

தம்பி முதல்முறையாகச் சிரித்தான். உடனே யோசனையில் ஆழ்ந்தான். காலையில் பழையதை உடைத்தால்தான் புதியதைத் தொடங்க முடியும். பூசியது காய வேண்டும். "பாய்கிட்ட ரெண்டு நாளு டைம் கேக்கட்டுமா?"

"கேக்காத. மொத நாளே சாக்கு சொல்றதா? நீ லோடுக்குக் கெளம்பறப்பவே என்னை எறக்கி வெளிய வுட்டுட்டுப் போ."

"கடை தொறக்க எவ்ளோ நேரம் ஆவும்! பனி வேற."

"உள்ள காத்திருக்கறதுக்கு வெளிய காத்திருக்கறேன்."

அன்று அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டேன். களியும் கீரையும். படுக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் நான் வந்தபோது வெளிச்சம் பரவத் தொடங்கியிருந்தது. லாரி இல்லை. அவள் தெருவில், சுவர் ஓரமாக, தம்பியின் மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். மடியில் டிபன் டப்பா. எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுத் துணைக்கு உட்கார்ந்திருந்தார். இருவர் கையிலும் டீ.

"கடப்பாரை அங்க இருக்குதுங்கண்ணா. மேல வழவழன்னு பூசிடாதீங்க. வெளக்கமாத்தால இழுத்து சொரசொரன்னு வுடுங்க."

"இது முடிஞ்சதும் எனக்கு ஒரு கைப்புடி வெச்சுக் குடுப்பா" என்றார் பெரியவர்.

"மொதல்ல இத முடிக்கறேங்க."

வெயில் ஏறியது. தெருமுனையில் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. அவள் டம்ளரைப் பெரியவரிடம் கொடுத்தாள், மப்ளரை அவிழ்த்து மடித்து முதுகுப் பக்கம் செருகினாள், தலையைக் கையால் கோதினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சக்கரத்தைச் சுழற்றினாள். முனையில் ஒரு பஸ் போகும்வரை நின்று, கடைப் பக்கம் திரும்பி, மறைந்தாள்.

நான் கடப்பாரையை எடுத்துச் சரிவில் குத்தினேன். லேசில் உடையவில்லை. பைக்குக்காக நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள்.