ரூபியின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி

ரூபி ஆண்டவருக்குள் நித்திரையடைந்த செய்தி, நான் காலை ஜெபத்தை முடித்துக் கண் திறந்தபோது வந்தது. வாசலில் அவள் தம்பி தனராஜ் நின்றிருந்தான். "அக்கா போயிட்டா டீச்சர்" என்றான். நெடுநாள் நோய், எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆயினும் என்னிலும் இளையவர்கள் இறக்க, அவர்களுக்கு வெள்ளைச் சேலை உடுத்திவிடும் வேலை இந்த வயதில் மிகவும் அலுப்பாக இருக்கிறது.

அடக்க ஆராதனையில் வாசிக்கப்படும் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எங்கள் சபையில் பல காலமாக என் பொறுப்பு. பிறப்பு, படிப்பு, திருமணம், பிள்ளைகள் என்று அதற்கொரு முறை உண்டு. ரூபி அம்முறைக்குள் அடங்காதவள். பாளையங்கோட்டையில் பிறந்து, செவிலியாகி, எகிப்தில் ஒரு மருத்துவமனையில் நெடுங்காலம் பணிபுரிந்தாள். மணம் செய்துகொள்ளவில்லை. ஊர் திரும்பியபின், செவ்வாய்தோறும் மாலையில் தன் வீட்டு மாடியில் பெண்களுக்கு அந்நாட்டு இடுப்பாட்டமான பெல்லி டான்ஸ் கற்றுக்கொடுத்தாள். இதை வாசிக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுள் பலர் அந்த மாடிப்படி ஏறியவர்கள்.

நோய் முற்றியிருந்த ஒரு நாளில் அவளே என்னிடம் பேச்செடுத்தாள்.

"எனக்கும் நீங்கதான டீச்சர் எழுதுவீங்க? உடற்பயிற்சின்னு மழுப்பிராதீங்க. பெல்லி டான்ஸ்னே வாசிக்கணும்."

"கோயில்லயா?"

"பின்ன, பஸ் ஸ்டாண்டுலயா?"

அவள் சிரித்தாள், நான் சரி என்றேன். இப்போது தனராஜ் அதே வரியைக் குறித்துத்தான் தயங்கித் தயங்கிப் பேசினான். "அந்த டான்ஸ் மட்டும் வேண்டாம் டீச்சர். ஜெனிக்குப் பேசிக்கிட்டு இருக்கோம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க ராதாபுரத்துலருந்து அடக்கத்துக்கு வாராங்க. உடற்பயிற்சின்னு போட்டுருங்க." ஜெனி அவனுடைய ஒரே மகள். பல இடங்கள் தட்டிப்போய், இப்போதுதான் ஓரிடம் கூடி வந்திருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டுத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். எழுத ஓடவில்லை. மாடி வகுப்புதான் நினைவுக்கு வந்தது.

முதுகுவலிக்காகவே நான் அங்கே போனேன். முதல் நாள் அவள் என் முழங்காலைத் தட்டி, "இதை விறைக்காதீங்க டீச்சர், இளக்கி நில்லுங்க. எல்லாம் இங்கனருந்துதான் தொடங்குது" என்றாள். அந்த முழங்கால்களை மாறி மாறி விரைந்து மடக்கி நிமிர்த்தினால் இடுப்பு தானே அதிரும். அதற்கு ஷிம்மி என்று பெயர். ஒரு பக்க இடுப்பை உயர்த்திச் சட்டென்று கீழே விடுவது ஹிப் டிராப். இடுப்பாலேயே தரைக்கு இணையாக எட்டு என்னும் எண்ணை வரைவது ஃபிகர் எயிட். பெண்ணின் இடையைக் கொடி என்றும் மின்னல் என்றும் பாடிய செய்யுள்களுக்குப் பணிக்காலம் முழுதும் உரை சொன்னவள் நான். அந்த இடையால் எட்டு வரைய முடியும் என்று எந்த உரையிலும் படித்ததில்லை.

உடலின் ஓர் உறுப்பு மட்டும் அசைய, மற்றவை அமைந்திருப்பது ஐசொலேஷன். தொடங்குபவர்களுக்கு அதுவே கடினம். வாழைக்காய்க் கடை செல்வி ஒரு நாள் அதில் மாட்டிக்கொண்டாள்.

"ஏட்டி செல்வி, இடுப்பை ஆட்டச் சொன்னா எதுக்கு மூஞ்சிய ஆட்டுத?"

"இடுப்பு எங்கன இருக்குன்னே தெரியலக்கா. அம்புட்டு சதை."

"தேடு, கெடைக்கும். பைய தேடு."

அதே செல்விதான், நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை அலைபோல் இறங்கும் 'கேமல்' அசைவைத் தொடங்கியதும் சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். பிள்ளைப்பேற்றுக்குக் கிழித்த தழும்பு; கணவன் ஏதோ சொல்லியிருக்கிறான். ரூபி அருகில் போய், குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "வயிறுன்னு சொல்லவே கூசுதோம் பாத்தியா. ஆண்டவர் நம்மள உருவாக்குன எடம்ட்டி அது. ஒளிச்சு வைக்குததுக்கு என்ன இருக்கு?" அன்று வேறு பாடம் நடக்கவில்லை. வயிற்றைச் சொல்லும் 'பெல்லி' என்ற அந்தப் பெயர் கோயிலில் ஒலிக்க வேண்டும் என்று அவள் ஏன் கேட்டாள் என்பது தாளும் கையுமாக அமர்ந்திருந்தபோது எனக்கு விளங்கியது.

எனினும் வாழ வேண்டியவள் ஜெனி. நடுப்பகலில் துக்க வீட்டுக்குப் போய், அவளைத் தனியே அழைத்துக் கேட்டேன். அழுது வீங்கிய முகத்தோடு நிதானமாகவே சொன்னாள்: "வாசிங்க டீச்சர். பின்னால தெரிஞ்சா மறைச்சுக் கட்டிவச்சிட்டாங்கன்னு என்னைத்தான சொல்லுவாங்க. அப்பாட்ட நான் பேசுதேன்." பேசினாளா, தெரியாது. தனராஜ் என்னைப் பார்த்து, "என்னமும் செய்ங்க" என்று மட்டும் சொல்லிப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வாசித்தேன். அந்த வரியில் என் குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை. ராதாபுரத்தார் முன்வரிசையில் அசையாது அமர்ந்திருந்தனர். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு, தனராஜின் கையைப் பற்றிவிட்டு, மரியாதையாகவே விடைபெற்றுப் போனார்கள். அந்த வாரக் கடைசியில் அவர்களிடமிருந்து தனராஜுக்குத் தொலைபேசி வந்தது. பையனுக்குக் கல்யாணம் இன்னும் கொஞ்ச காலம் போகட்டும் என்றார்களாம்.

நானே போய் தனராஜைப் பார்த்திருக்க வேண்டும், போகவில்லை. மறுநாள் அவனே வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என்னைக் குறை சொல்வான் என்று காத்திருந்தேன்.

"எனக்கு வருத்தந்தான் டீச்சர். இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றான். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே, "செவ்வாய்க்கிழமை பொம்பளைங்க வந்தா வரட்டும். மாடியப் பூட்டல" என்றான்.

ரூபி எனக்குத் தேற்றரவு எதையும் விட்டுப் போகவில்லை. ஒன்றை அதன் பெயராலேயே சொல்வதற்கு விலை உண்டு என்பதையும், அவ்விலையைச் சில வேளை சொல்லாதவர்களே கொடுக்க நேர்கிறது என்பதையும் அவளால் அறிந்தேன். அந்த அறிவையும், ஒரு தகப்பன் பூட்டாமல் விட்ட கதவையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை போக வேண்டும்.