ஒரே எழுத்தாய்த் தேய்ந்த சொல்

யாங்கோன் நகரின் பபேடான் பகுதியில் முகைதீன் பாயின் மூக்குக்கண்ணாடிக் கடையில் லதாவுக்குப் பதினான்கு வருட வேலை. சுவர் அட்டையில் எழுத்துகளைக் காட்டி வாசிக்கச் சொல்வாள். எத்தனை தப்பாய் வாசித்தாலும் முகம் சுளிக்க மாட்டாள். ஆனால் வந்தவர் பர்மிய மொழியில் ஏதாவது கேட்டால் அவள் தோள் லேசாய்த் தூக்கிப் போடும். ஆமா, இல்லை என்று பதில் வேண்டும் கேள்வியெல்லாம் அந்த மொழியில் 'லா' என்றுதான் முடியும். சாப்பிட்டாயா என்பதற்கு 'சா பீ பீ லா'. நாளைக்கு நூறு லா. பாவம், அவளும் எங்கே போய் ஒளிவாள்?

எல்லாம் தம்பி பிலிப் செய்த வேலை. சின்ன வயதில் இருவரும் ஆற்றுக்கு அடியில் ஒரு நாடு இருப்பதாகச் சொல்லி, அதற்கொரு பாஷையும் உண்டாக்கினார்கள். பெயர் ஒமிரு. மற்றப் பிள்ளைகளாய் இருந்தால் பத்து வார்த்தையோடு சலித்துப் போயிருக்கும். பிலிப்புக்கு அது போதவில்லை. கிழடு தட்டாத வார்த்தை பொய் வார்த்தை என்றான்.

அதனால் கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு ஒலியை மாற்றினார்கள். வழிகாட்ட ஊரே இருந்தது. அப்பா சொன்ன ரங்கூன், தெருவில் யாங்கோன் ஆகியிருந்தது. அதைப் பார்த்து ஒமிருவின் 'ர' எல்லாம் 'ய' ஆயின. பர்மியர்கள் வார்த்தைக் கடைசியைத் தொண்டைக்குள் விழுங்குவதைப் பார்த்துக் கடைசி 'க்' போயிற்று. 'இருக்கிறேன்' என்பதற்கு முதலில் இருந்த 'லரக்' இப்படித்தான் 'லயக்' ஆகி, 'லய' ஆனது. சட்டம் ஒன்றே ஒன்று: புது வடிவத்தை இருவரும் வாய்விட்டுச் சொன்னால்தான் அது செல்லும்.

முப்பது தாண்டியும் அந்தப் பைத்தியம் விடவில்லை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு காலை, அக்கரையில் இரண்டு நாள் வேலை என்று க்யிம்யிண்டைங் துறையில் படகுக்கு நின்றபோதும் பிலிப் அதைத்தான் பேசினான்.

"அக்கா, நடுவுல இருக்க 'ய்' விழட்டும், ரெண்டு 'அ'வும் ஒட்டிக்கட்டும். இனிமே லா."

"வேணாம்டா. ஊரே லா லாங்குது. நீ சொல்றது எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் நல்லது. எல்லார் காதுலயும் விழும், ஒருத்தனுக்கும் தெரியாது. லா. நான் சொல்லிட்டேன், நீ சொல்லு."

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். அவன் சிரித்துக்கொண்டே படகேறினான். அவ்வளவுதான். அக்கரையில் அவனைப் பார்த்தவர் யாருமில்லை.

இப்போது அம்மா தங்கம்மாளுக்கு உடம்பு முடியவில்லை. கல்லறைத் திருநாளுக்குக் கோயிலில் வாசிக்கும் இறந்தோர் பட்டியலில் மகன் பெயரும் சேர வேண்டும் என்று பிடிவாதமாய் இருந்தாள்.

"எனக்கப்புறம் அவனுக்கு யாருடி பூசை வைப்பா? பேரைக் குடுத்துட்டு வா."

லதாவும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு சீட்டில் எழுதிவிட்டாள். முதலில் அப்பா பெயர், அடியில் பிலிப். எழுதிய மறுநாள் கடையில் அவள் கைபேசி அடித்தது. தெரியாத எண். இரைச்சல், இரைச்சலுக்குள் ஆண்குரலில் ஒரே எழுத்து: "லா." உடனே அறுந்தது. திருப்பி அழைத்தால் அந்தக் கைபேசி அணைந்து கிடந்தது. யாரோ எதையோ கேட்டிருக்கலாம், கேள்வியின் வால் மட்டும் வந்து சேர்ந்திருக்கலாம். 'லய' என்று வந்திருந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பிடிவாதக்காரன் 'லய' என்று ஒருநாளும் சொல்ல மாட்டான். அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

மூன்று நாள் அந்த எண்ணை அழைத்துப் பார்த்தாள். நான்காம் நாள் சீட்டை எடுத்துக்கொண்டு கோயில் அலுவலகத்துக்குப் போனாள். கணக்குப்பிள்ளை அகஸ்டின் நல்ல மனிதர். பிலிப்பின் பெயரைக் கண்டதும் பேனாவை மூடி வைத்தார். தமிழில் கேட்க அவருக்கு நா எழவில்லை போலும், பர்மிய மொழியில் மரியாதையாய்க் கேட்டார்.

"பிலிப்... சோன் பீ லா?"

இறந்தாயிற்றா என்று அதற்கு அர்த்தம். லதாவுக்குக் கேட்டது வேறு. இறந்தாயிற்று என்று அவர் சொல்ல, அதே வாயிலிருந்து கடைசியில் தம்பி, இருக்கிறேன் என்றான்.

"லா," என்றாள் லதா.

நான்கு வருடமாய் நிலுவையில் கிடந்த ஒலி மாற்றம் அந்த மேசை முன்னால் செல்லுபடியாயிற்று. அவளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து அகஸ்டின் மறுபடியும், இன்னும் மெதுவாக, அதையே கேட்டார்.

அவள் அவர் பேனாவை வாங்கி, பிலிப் பெயரை அடித்துவிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாசலில் பூ விற்கிறவள், லதா அக்கா, பூ வேண்டுமா என்று பர்மிய மொழியில் கேட்டாள். அதுவும் லா என்றுதான் முடிந்தது.