நாய்க்கு முறை பார்த்த மாமா

செல்லிக்கு மாப்பிள்ளை தேடிய குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இருக்கவில்லை. செல்லி என்பது மாமாவின் நாய். முழங்கால் உயரம்கூட வராத, எலி வேட்டைக்கென்றே வளர்க்கும் ரெரியர் சாதி. வெள்ளை உடம்பு, மண்ணிறத் தலை, தேய்ந்த தும்புத்தடி போல ஒரு தாடி. எலி பிடிப்பதில், ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் ஊர்ப் பக்கத்துப் பண்ணைகளில் அவளுக்கு நல்ல பெயர் இருந்தது. மனிதர்களின் கல்யாணத்துக்குக்கூட எங்கள் ஆட்கள் அவ்வளவு யோசித்ததை நான் பிறகு பார்க்கவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கிழமை நாட்களில் மார்க்கம் நகரத்தில் ஒரு களஞ்சியசாலையில் வேலை. சனிக்கிழமை விடிந்தால் தன் வான் வண்டியில் நாய்களை ஏற்றிக்கொண்டு கோழிப்பண்ணைகளுக்கும் குதிரை லாயங்களுக்கும் எலி பிடிக்கப் போய்விடுவார். கூலியாக முட்டையும் சோளமும் வரும். மற்றவர்களின் தம்பிமார் கணக்காளராகவும் வீட்டுத் தரகராகவும் இருக்கும்போது தன் தம்பி எலி பிடிப்பது அம்மாவுக்குப் பெரிய மனக்குறை. கோயிலில் யாராவது விசாரித்தால், பண்ணைகளோடு ஏதோ பிஸ்னஸ் செய்கிறார் என்று சொல்லிச் சமாளிப்பார். முட்டையை மட்டும் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. சனிக்கிழமைகளில் வானில் முன் சீற்றில் இருப்பது நான்தான். மாமாவின் ஆங்கிலம் பண்ணை வாசலோடு நின்றுவிடும்; அதற்கு மேலே யாராவது இரண்டு வசனம் சேர்த்துப் பேசினால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை என்பதால் அந்த வீட்டில் எனக்குச் செல்லம் அதிகம். மாமா ரொறன்ரோ முழுக்க வான் ஓட்டுவார், பார்க்டேல் பக்கம் மட்டும் போகமாட்டார். எங்கள் ஆட்கள் வந்த புதிதில் குடியிருந்த இடம் அது. அங்கே ஒரு கொண்டாட்டத்துக்கு அழைப்பு வந்தாலும், பார்க்கிங் கிடைக்காது என்று சொல்லித் தட்டிவிடுவார். ரொறன்ரோவில் பார்க்கிங் கிடைப்பதில்லை என்பது எனக்கும் தெரிந்த உண்மைதான்.

நாய்கள் வந்த கதை இதுதான். மாமா நாட்டிலிருந்து வந்த சில வருடங்களில் ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் முட்டைப் பண்ணையில் வேலை செய்தார். கிழவரிடம் தகப்பன் காலத்திலிருந்து வந்த ஒரு ரெரியர் வம்சம் இருந்தது. எலி வளைக்குள் பயமில்லாமல் இறங்கும், எலியைக் கண்டால் ஒழியக் குரைக்காது, கோழியைத் தொடாது. மூன்று குணமும் ஒரே நாயில் சேர்வது அருமை. பண்ணை நிலத்தில் பாதி, வீடுகள் கட்டவென்று விலைப்பட்டபோது, கிழவர் ராணி என்ற பெண்குட்டியை மாமாவிடம் கொடுத்தார். செல்லி, அந்த ராணியின் பேத்தி.

குணம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் இணை சேர்ப்பதைச் சொந்தத்துக்குள்ளேயே செய்ய வேண்டும் என்று கிழவர் சொல்லிக்கொடுத்திருந்தார். பாட்டனுக்குப் பேத்தி, சிறிய தகப்பனுக்கு அண்ணன் மகள், இப்படி எது கெட்டிக்கார நாயோ அதோடு. மாமாவுக்குத் தத்துவம் பிடித்தது, உறவுதான் பிடிக்கவில்லை. பாட்டனும் பேத்தியுமா என்று முகத்தைச் சுளித்தார். யோசித்து, கிழவரின் விதியை எங்கள் முறைக்கு மாற்றிக்கொண்டார். மச்சான் மச்சாள் என்றால் செய்யலாம், வேறு எதுவும் கூடாது. ராணியின் பிள்ளைகளில் ஆண்வழி, பெண்வழி எல்லாம் அவருக்கு மனப்பாடம். மாமாவுக்கு மாமி சொந்தத் தாய்மாமன் மகள். எங்கள் குடும்பத்தில் அது வழக்கம்தான், யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

செல்லிக்குப் பொருத்தமான நாய் கிழவரிடமே இருந்தது, மாமா முன்பு அவருக்குத் திருப்பிக் கொடுத்த ராணியின் பேரன். அந்த வட்டாரத்தில் அதை வெல்ல நாய் இல்லை. கிழவர் தானாகவே கேட்டார், மாமா மறுத்துவிட்டார். காரணத்தை ஆங்கிலத்தில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்த நாயின் தாயும் செல்லியின் தாயும் சகோதரிகள், ஆகவே அது செல்லிக்குப் பெரியம்மா மகன், தமையன் முறை என்று விளக்கினேன். கிழவர் தொப்பியைக் கழற்றி மண்டையைச் சொறிந்துவிட்டு, இந்தச் செய்தி நாய்க்குத் தெரியுமா என்று கேட்டார். மாமா சிரிக்கவில்லை. நாய்க்குத் தெரியாவிட்டால் என்ன, எங்களுக்குத் தெரியும்தானே என்றார். கடைசியில் தன்னிடமே இருந்த, செல்லியின் தாய்மாமன் மகனான கறுப்பனைத் தீர்மானித்தார். கறுப்பன் கொஞ்சம் சோம்பேறி, ஆனால் முறை சரி.

இந்த விஷயத்தில் எதிர்த்துப் பேசியவர் மாமி ஒருவர்தான். மாமிக்கு நாய்களோடு எந்தப் பற்றும் இல்லை. கேக் செய்யும் தொழிற்சாலையில் வேலை, வீட்டுக்கு வந்தால் சமையல், சாமியறை. நாய்கள் கராஜைத் தாண்டி வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். அப்படிப்பட்டவர் ஒருநாள் சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"வெளியாலை ஒண்டை எடுங்கோவன். ஏன் எல்லாத்தையும் சொந்தத்துக்கை சொந்தத்துக்கை எண்டு நிக்கிறியள்?"

"வெளியாலை எடுத்தா குணம் கலைஞ்சு போகும். உமக்கு உது விளங்காது," என்றார் மாமா.

மாமி கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு மேலே போய்விட்டார். கறியை நாங்களே போட்டுக்கொண்டோம். நாய் விஷயத்தில் மாமிக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நினைத்தேன், பிறகு சாப்பாட்டில் மறந்துவிட்டேன்.

வசந்தத்தில் செல்லி நான்கு குட்டி போட்டாள். ஒன்று எனக்கு என்று முதலே பேச்சு. அம்மாவைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்று குட்டிகளுக்குத் தலையில் மண்ணிறம் இருந்தது, ஒன்று தலை முதல் வால் வரை வெள்ளை. எனக்கு வெள்ளைதான் வேண்டும் என்று கண் திறக்கும் முன்பே சொல்லிவைத்துவிட்டேன்.

அதில் ஏதோ பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்தது மாமி. காலையில் வேலைக்குப் போகக் கராஜ் கதவின் பொத்தானை அழுத்தினால், அந்தக் கதவு ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடுதான் மேலே போகும். மற்றக் குட்டிகள் துள்ளி எழும்பி ஓடிவரும், வெள்ளை மட்டும் நித்திரையில் கிடக்கும். நான் அங்கே நின்ற ஒருநாள் மாமி வேலைக்கு நேரமாவதையும் பார்க்காமல் குட்டியின் பின்னால் குந்தினார். திறப்புக்கோர்வையை, சாவிகள் கிலுங்க, ஒரு காதுப் பக்கம் ஆட்டினார், பிறகு மற்றப் பக்கம். கையசைவின் காற்றுப் படாதபடி, நிழலும் விழாதபடி மிகக் கவனமாகச் செய்தார். குட்டி திரும்பவில்லை. மாமி அதே இடத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தார்.

மாமா தானும் சோதித்துப் பார்த்தார். காது கேளாத நாயை வளைக்குள் இருந்து கூப்பிட்டு எடுக்க முடியாது. அதை வேலைக்கும் விடமுடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. கிழவரைக் கேட்டபோது, இப்படியான குட்டியை அவர்கள் வளர்ப்பதில்லை, ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் வழக்கம் என்றார். அதையும் நான்தான் தமிழில் மாமாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வானுக்குள் ஏறியதும் விம்மி விம்மி அழுதேன். மாமா என்னைப் பார்க்காமல், "உதை வைச்சிருந்து என்ன செய்யிறது பிள்ளை," என்று மட்டும் சொன்னார்.

மிருக வைத்தியரிடம் போகும் நாளில் மாமி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து வானில் ஏறினார். காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனிசி. குட்டியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தார். தான் வருவதற்கு அவர் ஒரு காரணமும் சொல்லவில்லை, மாமா கேட்கவும் இல்லை.

வைத்தியர் ஒரு இளம் பெண். குட்டியை மேசையில் விட்டுப் பின்னால் போய், ஒரு காதுப் பக்கமும் மற்றப் பக்கமும், காற்றுப் படாதபடி கையை வைத்து ஒரு சின்ன மணியை ஆட்டினார். மாமி கராஜில் செய்தது அச்சொட்டாக அதேதான். படிக்காமலே மாமி டொக்டரின் வேலையைத் தெரிந்துவைத்திருக்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. பிறகு வைத்தியர் நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தாயும் தகப்பனும் சொந்தமோ எண்டு கேக்கிறா," என்றேன்.

மாமா சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் மாமியிடமிருந்து வந்தது.

"ஓம் எண்டு சொல்லு. சொந்த மச்சான் மச்சாள்."

நான் சொன்னேன். வைத்தியர் தலையாட்டிவிட்டு நீளமாகப் பேசத் தொடங்கினார். நான் வசனம் வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். வெள்ளை நிறத்தில் பிறக்கும் குட்டிகளுக்கு இப்படி வருவதுண்டாம். சொந்தம் இல்லாத தாய் தகப்பனுக்கும் வருமாம். இதே சோடியை இனிச் சேர்க்கவேண்டாமாம். ஆனால் முதலே யாருக்கும் தெரிந்திருக்க முடியாதாம்.

"ஒருத்தரிலையும் பிழை இல்லையாம்," என்று முடித்தேன்.

மாமி என்னைப் பார்த்தார். "என்ன சொன்னவ? திருப்பிச் சொல்லு."

"ஒருத்தரிலையும் பிழை இல்லையாம், மாமி."

மாமி அங்கிருந்த பிளாஸ்ரிக் கதிரையில் அமர்ந்து அழத் தொடங்கினார். சத்தம் போட்டு அல்ல, ஆனால் நிறுத்த முடியாத அழுகை. வைத்தியர் கடதாசித் துவாய்ப் பெட்டியை நீட்டினார். மாமா பக்கத்தில் போய் மாமியின் தோளில் கை வைத்தார். எங்கள் முன்னால் அவர்கள் ஒருவரையொருவர் தொட்டதை அதற்கு முன்னர் நான் கண்டதில்லை, எனக்கு வெட்கமாக இருந்தது. பிழை இல்லை என்று சொன்னால் ஒரு ஆள் ஏன் அழவேண்டும்? நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று வைத்தியரின் வார்த்தைகளை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஊசி பற்றி மாமா வாயே திறக்கவில்லை. "வீட்டை கொண்டு போவம்," என்றார்.

வெள்ளைக்குட்டி கராஜைத் தாண்டி, சட்டத்தைத் தாண்டி, நேரே குசினிக்குள் போனது. மாமி சமைக்கும்போது அவருடைய காலடியில் கிடக்கும். கையசைத்தால் வரவும், விரலை உயர்த்தினால் குந்தவும் மாமியே பழக்கினார். எனக்குக் கிடைத்தது மண்ணிறத் தலைக்காரன், வந்த கிழமையே அம்மாவின் கோயில் செருப்பைத் தின்றவன். நான் கேட்ட குட்டியை மாமி எடுத்துவிட்டார் என்று எனக்கு ஒரு சின்னக் கோபம் கனநாள் இருந்தது. அடுத்த வருடம் மாமா செல்லிக்கு வெளியிலிருந்து ஒரு நாயைக் கொண்டுவந்தார். அந்தக் குட்டிகள் எலியையும் பிடித்தன, கோழியையும் பிடித்தன. கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மாமி ஏன் அழுதார் என்று அன்றைக்கே அம்மாவிடம் கேட்டேன். "அவவுக்கு நாய்க்குட்டியெண்டா விருப்பம்," என்று சொல்லிவிட்டு அம்மா தொடர்ந்து வெங்காயம் வெட்டினார். நானும் நம்பினேன்.

போன வருடம் என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, மார்க்கத்தில் டொக்டர் அதே கேள்வியைக் கேட்டார். நீங்களும் கணவரும் சொந்தமா? என் கணவர் மன்னார்க் கத்தோலிக்கர், எங்கள் இரண்டு வீட்டுக்கும் கல்யாணத்துக்கு முன்னர் முகத்தெரிவுகூட இல்லை. நான் சிரித்தேன். கூட வந்த அம்மா சிரிக்கவில்லை. காரில் வரும்போதுதான் சொன்னார். மாமாவும் மாமியும் பார்க்டேலில் இருந்த காலத்தில் அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. காது கேளாது. இதயத்திலும் குறை. மாமி திறப்புக்கோர்வையை ஆட்டிப் பார்க்கப் பழகியது அந்தப் பிள்ளையிடம்தான். ஒரு வயது முடியுமுன் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் வந்து வந்து பேசினார்களாம். மொழிபெயர்க்க ஒருவரும் இல்லை. அவர்களுக்கு விளங்கியது ஒரேயொரு கேள்வி, நீங்கள் இரண்டு பேரும் சொந்தமா என்பது. அதற்கு மாமி ஓம் என்று தலையாட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு டொக்டர் என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரியாது.

அதைத்தான் மாமி என்னிடம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நான் நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.