அப்பா பார்த்த ஊர்

மூன்றாம் வகுப்பில் எனக்கிருந்த மரியாதையெல்லாம் அப்பாவால் வந்தது. அவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வகுப்பிலிருந்த உலக உருண்டையைச் சுழற்றி, "இது எங்கப்பா பார்த்த ஊர், இதுவும் பார்த்த ஊர்" என்று விரல் வைப்பேன். ஸ்பெயின் வந்தால் விரல் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். அங்கே கடலோரத்தில் காதிஸ் என்று ஓர் ஊர். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பாவின் கப்பல் அங்கே போய் நிற்கும், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு போன் அடிக்கும், அம்மாவும் நானும் மாறி மாறிப் பேசி முடிக்க மணிக்கணக்காகும். அந்த ஊரில் மஞ்சள் ஓடு பதித்த பெரிய கோபுரம் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார். நான் அதை வகுப்பில் தங்கக் கோபுரமாக்கிவிட்டேன். எங்கள் கோயில் விமானமே தங்கம் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

அந்த வருஷம் முழுப்பரீட்சை லீவில், அதிகாரிகள் குடும்பத்தை அழைத்துப் போகலாம் என்ற சலுகையில் அம்மாவும் நானும் கப்பலேறினோம். பன்னிரண்டு நாள் கடல். அம்மா பாதி நாள் வாந்தியும் மீதி நாள் எலுமிச்சை ஊறுகாயுமாகக் கிடந்தாள். நான் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அப்பா எனக்குக் காதிஸைச் சுற்றிக் காட்டப்போகிறார், ஊர் திரும்பியதும் வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

காலையில் கப்பலைத் துறைமுகத்தில் கட்டினார்கள். அப்பாவுக்கு நான்கு மணி நேர அனுமதி, பகல் இரண்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்ததும் அப்பா நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"எந்தப் பக்கம் போலாம், சொல்லு" என்றார் அம்மாவிடம்.

"என்னைக் கேக்கறீங்களே, இது உங்க ஊராச்சே!"

வலது பக்கம் கூட்டிப்போனார். அது லாரிகள் நிற்கும் காலி இடத்தில் போய் முடிந்தது. அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் ஊருக்குள்ள அவ்வளவா போனதில்ல" என்றார்.

"அப்ப மஞ்சக் கோபுரம்?" என்றேன்.

"அது கப்பல் மேல்தளத்துலேருந்தே நல்லாத் தெரியும்மா."

எனக்கு அழுகையாக வந்தது. அப்பா பார்த்த ஊர்களெல்லாம் உலக உருண்டையிலிருந்து உதிர்ந்து வகுப்புத் தரையில் விழுவது தெரிந்தது. அவர் என் கையைப் பிடிக்க வந்தார், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அம்மா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து வழி தவறியதே இல்லை என்பது அவளுடைய பெருமை. ஸ்ரீரங்கத்தில் யார்தான் வழி தவறுவார்கள்? வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகப் போகின்றன. கோபுரத்தை வலது கைப்பக்கம் வைத்து நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். "கோபுரம் இருக்கில்ல, அது போதும்" என்று முன்னால் நடந்தாள்.

அரை மணி நேரத்தில் மஞ்சள் கோபுரத்தின் அடியில், ஒரு பெரிய சர்ச் வாசலில் நின்றோம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். பிறகு அதை வலப்பக்கம் வைத்துச் சுற்ற ஆரம்பித்தோம். ஆனால் அந்த ஊர்ச் சந்துகளுக்குப் பிரதட்சிணம் தெரியவில்லை. இரண்டு பேர் கைகோத்து நீட்டினால் இரண்டு பக்கச் சுவரையும் தொடும் அளவு குறுகலான சந்துகள், மேலே மாடிகளில் துணி உலர்கிறது, கோபுரத்தைக் காணோம். சந்து ஒரு சதுக்கத்தில் கொண்டுபோய் விட்டது, சதுக்கம் மீன் சந்தையில் விட்டது, சந்தை வேறு சந்தில் விட்டது. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் கடல் தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் நீண்ட கல்சுவரும் அலையும்தான். ஒரு கப்பல்கூட இல்லை.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். "காவேரிப் பக்கம் போக வேண்டியவங்க கொள்ளிடத்துப் பக்கம் வந்துட்டோம். இதுவும் நம்ம ஊர் மாதிரி தண்ணிக்கு நடுவுலதான் இருக்கு. கரையோரமாவே நடந்தா அந்தப் பக்கம் வந்துரும்."

வந்தது, ஒரு மணி நேரம் கழித்து. வெயிலில் ஊரையே வலம் வந்துவிட்டோம். துறைமுக வாசல் தெரிந்தபோது மணி ஒன்றே முக்கால்.

வாசலுக்கு இடது பக்கம், காலையில் நாங்கள் போகாத பக்கம், ஒரு சின்ன டெலிபோன் கடை இருந்தது. உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட நாலைந்து கூண்டுகள். கடைக்காரம்மா அப்பாவைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். பின்னால் வந்த என்னைப் பார்த்தவள் கத்திக்கொண்டே வெளியே ஓடிவந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். என் வாயைத் திறக்கச் சைகை காட்டி, பாதி முளைத்திருந்த முன்பல்லைத் தொட்டுச் சிரித்தாள். கையைப் பிடித்து மூன்றாவது கூண்டுக்கு இழுத்துப்போனாள். போனுக்கு மேலே, சுவரில், என் பள்ளிக்கூட போட்டோ ஒட்டியிருந்தது.

அம்மா அந்தக் கூண்டுக்குள் போய், அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. "டைமாச்சு, வா" என்று அப்பாதான் கூப்பிட்டார்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. இத்தனை தடவை வந்து இந்த ஒரு கடைதானா தெரியும்? கடைக்காரம்மா கொடுத்த மிட்டாயைத் தின்றுகொண்டே கப்பலேறினேன். பள்ளி திறந்ததும், அப்பா எனக்கு ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டினார் என்று கூசாமல் சொன்னேன்.

அடுத்த முறை காதிஸிலிருந்து போன் வந்தபோது நான்தான் எடுத்தேன். அப்பா, பல் முழுசா வந்துடுச்சா என்று கேட்டார். எனக்கு அவர் மேல் நிஜமாகவே அக்கறை. பெரிய மனுஷியைப் போல, "எப்பப் பாத்தாலும் அந்தக் கடையிலயே நிக்காதீங்கப்பா. போய் நல்லா ஊரைச் சுத்திப் பாருங்க" என்றேன்.

"சரிம்மா" என்றார்.

அம்மா ஈரக்கையோடு ஓடிவருவதற்குள் போனை வைத்துவிட்டேன். அவருடைய நான்கு மணி நேரத்தில் அப்போது இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.