சகலையின் ஏழு மணி நேரம்

அடையாறில் சகலை வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். பாயசம் குடித்து முடித்ததும் சகலை உள்ளே போய் ஒரு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வந்து ஹால் நடுவில் நின்றார். மூக்கையும் வாயையும் மூடிய சிலிக்கான் கிண்ணம், தலையைச் சுற்றி நீல நாடா, முன்னால் தொங்கும் குழாய். பள்ளிக்கூட நாடகத்தில் யானை வேஷம் போட்ட மாதிரி இருந்தார். நான் சிரிக்க வாயைத் திறப்பதற்குள் என் மச்சினி முந்திக்கொண்டாள். "மாமா, இந்த மிஷின் வந்ததுலேர்ந்து இவர்கிட்ட குறட்டைங்கற பேச்சே இல்ல. நான் மறுபடி ரூம்லயே படுத்துக்கறேன்." என் மனைவி தங்கையைத் திரும்பிப் பார்த்தாளே ஒரு பார்வை, அப்போதுதான் என் வயிறு எரிய ஆரம்பித்தது.

அதற்கு முன்னால் மட்டும் எரியவில்லையா என்று கேட்டால், எரிந்துகொண்டேதான் இருந்தது. அக்காவைக் கட்டிய மூத்த மாப்பிள்ளை நான். தங்கையைக் கட்டியவர் அவர். ஆனால் கார் முதலில் வாங்கியது அவர், சொந்த ஃபிளாட்டுக்குப் போனது அவர், சர்க்கரை இல்லாமல் காபி குடிக்கப் பழகியதுகூட அவர்தான். மாமனார் வீட்டில் எல்லாரும் அவரை உதாரணம் காட்டியே என் பாதி ஆயுசு போய்விட்டது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை. ஏனென்றால் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டில் என் மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. "ஹால்ல காத்து நல்லா வருது" என்று மட்டும்தான் சொன்னாள். என் குறட்டைதான் காரணம் என்று எனக்குத் தெரியாதா? திரும்பி வா என்று வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை. அவள் திரும்பி வரவேண்டும் என்பதைத் தவிர அந்த ஆறு வருஷத்தில் நான் பெரிதாக எதையும் ஆசைப்பட்டதில்லை.

மறு வாரமே நானும் பரிசோதனைக்குப் போனேன். தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிறது என்றார்கள். மூச்சு நிற்காமல் மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்குமாம், சகலையுடையதைப் போலவே ஒரு மிஷின் வந்தது. மாட்டிப் படுத்த ஐந்தாவது நிமிஷம், யாரோ முகத்தில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. பிய்த்து எறிந்தேன். சைதாப்பேட்டை கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக எத்தனையோ ரவுடிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன், ஒரு ரப்பர் மூடிக்குப் பயந்தேன் என்று யாரிடம் சொல்வது? யாரிடமும் சொல்லவில்லை.

சகலை விடுவாரா? தினமும் காலை ஆறரைக்குப் போன் செய்வார். "இன்னா சகலை, எத்தினி மணி நேரம் காட்டுது? நமக்கு ஏழு." மிஷின் திரையில் எத்தனை மணி நேரம் போட்டிருந்தோம் என்று எண் வரும். எனக்கு அரை மணி, முக்கால் மணி. "பரவால்ல சகலை, போகப்போக வந்துடும்" என்பார். அந்த ஆறுதல் இருக்கிறதே, அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

அப்புறம் எனக்கு ஒரு வழி தோன்றியது. மனைவிக்கு மயிலாப்பூரில் பள்ளிக்கூட வேலை, டியூஷனும் முடித்து வீடு திரும்ப ராத்திரி ஏழாகும். அவள் கிளம்பிப் போனபின், பதினோரு மணிக்கு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்ப்பேன். வெளிச்சத்தில், விழித்துக்கொண்டு, நினைத்தால் கழற்றலாம் என்கிற தைரியத்தில் அவ்வளவு பயம் இல்லை. முதலில் ஒரு மணி, பிறகு இரண்டு. ஒரு மாதத்தில் ஏழு மணி நேரத்தைத் தாண்டிவிட்டேன். "ஏழரை, சகலை" என்று போனில் சொன்ன அன்று அவர் "எத்தினி?" என்று ரெண்டு தரம் கேட்டார். அன்றைக்கு ரெண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

மனைவியிடமும் ஏழரை என்றேன். "அப்பிடியா" என்றாள். தலையணை நகரவில்லை. என் குறட்டை இன்னும் ஹாலுக்குக் கேட்டுக்கொண்டுதானே இருக்கும் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

சகலைக்கும் எனக்கும் ஒரே டாக்டர். மூன்று மாதச் செக்கப்புக்கு நால்வரும் சேர்ந்தே போனோம். அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா என் மிஷினிலிருந்த கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், நீங்க நைட் டூட்டியா?" என்று கேட்டார். ரிட்டயர் ஆகிவிட்டேன் என்றேன். "இல்ல, தினமும் காலைல பதினோரு மணிக்குப் போட்டு சாயங்காலம் ஆறரைக்குக் கழட்டறீங்க, அதான் கேட்டேன்." எத்தனை மணி நேரம் என்பதோடு எப்போது என்பதையும் அந்தச் சனியன் எழுதி வைத்துக்கொள்ளும் என்று எனக்கு எப்படித் தெரியும்! மச்சினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சகலை சிரிக்கவில்லை. "நான் போயி உங்களுக்கு ஆட்டோ பாக்கறேன்" என்று வெளியே போய்விட்டார். அந்த நேரத்திலும் பெருந்தன்மை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஆட்டோ சைதாப்பேட்டைப் பாலத்தில் நின்றபோதுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"குறட்டை தாங்காம நான் ஹாலுக்குப் போனேன்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா? குறட்டை கேட்டா நிம்மதியா தூங்கிடுவேன். அது திடீர்னு நின்னுடும் பாருங்க, அதான் முடியல. பக்கத்துல படுத்துக்கினு எண்ணுவேன். இருபது, இருபத்தஞ்சு, முப்பது. உங்களுக்கு மூச்சு திரும்பறவரைக்கும் எனக்கும் வராது."

"ஹால்ல மட்டும் கேக்காதா?"

"கேக்கும். எழுந்து வந்து பார்த்துட்டுப் போவேன். தினமும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கிண்டல் பண்ணியிருப்பீங்க. தங்கச்சி வீட்டுக்காரர்கிட்டதான் சொல்லி அழுதேன். 'மொதல்ல நீங்க டெஸ்டுக்குப் போங்க, நீங்க ஒண்ணு செஞ்சா இவரும் செய்வாரு'ன்னு அவர்கிட்ட கெஞ்சினேன். டெஸ்டுக்குப் போனா அவருக்கும் அதே வியாதி இருந்துச்சு. உங்கள எனக்குத் தெரியாதா?"

என் பொறாமையைப் பிடித்தே என்னை ஆஸ்பத்திரி வரை இழுத்து வந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. அதைவிடப் பெரிய பொறாமை ஒன்றும் வந்தது. காரும் ஃபிளாட்டும் போகட்டும். என் மனைவியின் பயம் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வேகத்தில்தான் சொல்லிவிட்டேன். "எனக்கு அத போட்டா பயமா இருக்கு. மூச்சு முட்டுது."

அவள் என்னைப் பார்த்தாள். "இத மொதல்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதான?" என்றாள். ஆட்டோ பாலத்தைத் தாண்டியதும், "கழட்டணும்னா என் கையத் தட்டுங்க. நான் கழட்டி விடறேன்" என்றாள்.

முதல் வாரம் பலமுறை தட்டினேன். மூன்றாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் வந்திருந்தது. கீழே பால்காரர் வந்து போய்விட்டிருந்தார். பக்கத்தில் அவள் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக எனக்கு முன்னால் எழுந்துகொண்டிருந்தவள். எழுப்பக் கூடாது என்று அசையாமல் கிடந்தேன். அவளுடைய போன் அடித்தது. எட்டி எடுத்தேன். சகலை.

"அண்ணி இல்லியா?"

"தூங்கறா" என்றேன், ரகசியமாக.

"மணி எட்டாவுதே, இன்னுமா?"

"இன்னும்தான்."

"சரி, எழுப்ப வேணாம் சகலை" என்று போனை வைத்துவிட்டார். கொஞ்சம் பொறாமைப்பட்டிருப்பார் என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.